பெத்லகேமில் ஒழுகிய கூரை

பெத்லகேமில் குளிர்காலத்தில்தான் மழை. நவம்பரில் தொடங்கினால் மார்ச் வரை விட்டு விட்டுப் பெய்யும். இயேசு பிறந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் கெபிக்கு, அதாவது குகைக்கு, மேலே நிற்கிற பேராலயத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மழை பெய்தால் கூரை ஒழுகும். ஈயத்தகடுகளின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் உத்தரங்களை நனைக்கும், சுவரில் வழியும், 12ஆம் நூற்றாண்டில் பதித்த மொசைக் சித்திரங்களுக்குப் பின்னால் போய்த் தேங்கும். கோவிலைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை, கத்தோலிக்கர் சார்பில் பிரான்சிஸ்கன் துறவிகள், அர்மேனிய அப்போஸ்தலிக்க சபை என்று மூன்று பேர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். மூவருமே பணம் திரட்ட முடியாதவர்கள் இல்லை. இருந்தும் கூரையை முழுதாகப் பிரித்து மாற்ற ஒருவராலும் முடியவில்லை.

காரணம் விநோதமானது, ஆனால் நமக்குப் புரியாதது இல்லை. நம் ஊர் சிவில் வழக்குகளில் 'அனுபவ பாத்தியதை' என்று ஒரு வார்த்தை அடிபடும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதோடு, வரி கட்டியது யார், வேலி போட்டது யார், சுவருக்கு வெள்ளையடித்தது யார் என்றும் கேட்பார்கள். பங்காளி வீட்டுப் பொதுச்சுவரில் ஒருவர் ஆணி அடித்தால் மற்றவர் வாசலுக்கு வந்துவிடுவதும் இதனால்தான். பெத்லகேமில் அதே கதை பேரரசுகள், படைகள், சர்வதேச ஒப்பந்தங்கள் அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. அங்கே ஒரு கூரையைப் பழுதுபார்ப்பது அதற்கு உரிமை கொண்டாடுவதற்குச் சமம். ஒரு தூணில் விளக்கு மாட்டினால் தூண் உங்களுடையது. ஒரு படியைப் பெருக்கினால் படி உங்களுடையது. ஆகவே ஒருவர் பழுதுபார்க்கக் கிளம்பினால் மற்ற இருவரும் தடுத்துத்தான் ஆக வேண்டும். தடுக்காமல் விட்டால் நாளைக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

இந்த நிலை வந்த வழியைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெத்லகேமில் ஒரு குகையில் இயேசு பிறந்தார் என்ற செவிவழி நம்பிக்கை 2ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் குறிப்பிடுகிறார். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்த பிறகு, அவருடைய தாய் ஹெலனாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முதல் கோவில் அந்தக் குகைக்கு மேல் எழுந்தது. 339ல் அர்ச்சிப்பு நடந்தது. 386ல் அங்கே வந்து குடியேறிய ஜெரோம், பைபிளை லத்தீனில் பெயர்க்கும் வேலையின் பெரும்பகுதியைப் பக்கத்துக் குகைகளில் இருந்துதான் செய்தார் என்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் சமாரியர் கலகத்தில் அந்த முதல் கோவில் சேதமடைந்தது. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் அதைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் உடம்பு அதுதான்: நான்கு வரிசையில் இளஞ்சிவப்புச் சாயலுள்ள கல் தூண்கள், நடுவே உயர்ந்த கூடம், கிழக்கே பீடம், பீடத்துக்குக் கீழே கெபி. இரண்டு பக்கமும் கெபிக்கு இறங்கும் படிகள். அடியில் கான்ஸ்டன்டைன் காலத்து மொசைக் தரை இன்னும் இருக்கிறது. மரப்பலகை மூடிகளைத் தூக்கினால் தெரியும்.

அந்த வட்டாரத்தில் ஆயிரத்து ஐந்நூறு வருடம் இடிபடாமல் நின்ற கோவில் என்றால் அது அதிசயம்தான். 614ல் பாரசீகப் படை வந்து ஜெருசலேமின் கோவில்களைக் கொளுத்தியது. பெத்லகேமை மட்டும் விட்டுவிட்டது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளும் பாரசீக உடையில் இருக்கிற சித்திரத்தைக் கோவில் முகப்பில் கண்டு, நம் ஊர்க்காரர்கள் என்று படைவீரர்கள் ஒதுங்கிப் போனதாக ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் அழகான கதை. பிறகு இஸ்லாமிய ஆட்சி வந்தபோதும் கோவில் தப்பியது. கலீபா உமர் அங்கே தெற்குப் பக்கத்தில் தனியே தொழுதார் என்று மரபு சொல்கிறது. சிலுவைப்போர்க்காரர்கள் ஜெருசலேமைப் பிடித்த மறுவருடம், 1100 கிறிஸ்துமஸ் அன்று, அவர்களுடைய அரசன் முதலாம் பால்ட்வின் இங்கேதான் முடிசூடிக்கொண்டான்.

இன்றைய சண்டைகளை மட்டும் தெரிந்தவர்கள் கோவிலின் கிழக்குப் பகுதியில் இருக்கிற ஒரு வாசகத்தைப் பார்க்க வேண்டும். 1169ல் மொசைக் வேலை முடிந்தபோது கிரேக்கத்திலும் லத்தீனிலுமாக எழுதிவைத்தது. அதில் பைசாந்தியப் பேரரசர் மானுவேல் இருக்கிறார், ஜெருசலேமின் லத்தீன் அரசன் அமல்ரிக் இருக்கிறான், பெத்லகேமின் கத்தோலிக்க ஆயர் இருக்கிறார், வேலை செய்த எஃப்ரேம் என்ற கலைஞனும் இருக்கிறான். ரோமின் கத்தோலிக்க சபையும் கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் சபையும் 1054ல் பிரிந்து நூறு வருடம் தாண்டிய பிறகு நடந்த வேலை இது. இன்னொரு ஓவியக்காரர் பாசில். அவருடைய பெயர் லத்தீனிலும் சிரியக் மொழியிலும் இருக்கிறது. முன்மண்டபத்திலிருந்து உள்ளே போகும் வாசலில் 1227ல் அர்மேனியர்கள் செதுக்கி வைத்த மரக்கதவு ஒன்று. அதில் அர்மேனிய மொழியில் அவர்களுடைய அரசன் ஹேதும் பெயரும், அரபியில் அப்போதைய அய்யூபிய சுல்தானின் பெயரும். கதவு செய்தவர்கள் ஒரு மதம், நாட்டை ஆட்சி செய்தவர் இன்னொரு மதம். இருவர் பெயரும் ஒரே பலகையில்.

இந்தக் கூட்டு வேலைக்கு ஒரு வசதி இருந்தது. அப்போது கோவிலுக்கு மேலே தெளிவான ஓர் ஆட்சி இருந்தது, யாருக்கு என்ன என்பதை அது சொன்னது. சிக்கல் முளைத்தது அந்த ஆட்சி தூரத்தில் இருந்துகொண்டு, உரிமையை விலைக்கும் தயவுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது.

எகிப்திலிருந்து ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சிஸ்கன் துறவிகள் பெத்லகேமில் கால் ஊன்றினார்கள். 1480 வாக்கில் கூரை முழுதாகப் புதுப்பிக்கப்பட்டபோது முன்னின்றவர்களும் அவர்களே. மரம் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து வெனிஸ் கப்பல்களில் வந்தது. ஈயத்தை இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்ட் கொடுத்தார். பர்கண்டியின் பிரபு ஃபிலிப்பும் உதவியவர். யாஃபா துறைமுகத்தில் இறக்கி மலையேற்றி உத்தரங்களைக் கொண்டுவந்ததை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. நான் முதலில் சொன்ன ஒழுகும் கூரை இதுதான். பின்னாளில் அந்த ஈயத்தில் ஒரு பங்கை உஸ்மானியத் துருக்கியப் படைகள் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

1517க்குப் பிறகு பாலஸ்தீனம் இஸ்தான்புல்லின் கைக்குப் போனது. கிரேக்க சபை உஸ்மானியப் பேரரசின் குடிமக்களுடைய சபை. அதன் தலைவர்கள் சுல்தானின் அரண்மனைக்கு அருகிலேயே இருந்தார்கள். கத்தோலிக்கருக்குப் பின்னால் பிரான்ஸ் இருந்தது, சுல்தானுக்கு பிரான்ஸின் நட்பு தேவைப்பட்டது. யார் கை ஓங்குகிறதோ அவர்கள் ஒரு ஃபர்மான், அதாவது அரசாணை, வாங்கி வந்துவிடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் கோவில் இப்படி மாறி மாறிக் கை மாறியது. 1757ல் வந்த ஃபர்மான் கோவிலின் முக்கியப் பகுதிகளைக் கிரேக்கர்களுக்குக் கொடுத்தது. இன்றைய ஏற்பாட்டின் அடித்தளம் அந்த வருடம்தான்.

இதற்கு நடுவே 1717ல் கத்தோலிக்கர்கள் கெபியில், பிறந்த இடம் என்று காட்டப்படும் பளிங்குத் தரையில், ஒரு வெள்ளி நட்சத்திரம் பதித்திருந்தார்கள். 14 முனை. 'இங்கே கன்னி மரியாளிடம் இயேசு கிறிஸ்து பிறந்தார்' என்று லத்தீனில் வாசகம். லத்தீனில் எழுதியிருப்பதே ஒரு பட்டா மாதிரி. 1847ல் ஒருநாள் நட்சத்திரத்தைக் காணோம். கிரேக்கர்கள்தான் பெயர்த்தெடுத்தார்கள் என்று கத்தோலிக்கர்கள் சொன்னார்கள், கிரேக்கர்கள் மறுத்தார்கள். பிரான்ஸில் லூயி நெப்போலியனுக்கு உள்ளூர்க் கத்தோலிக்கர்களின் ஆதரவு வேண்டியிருந்தது. அவர் சுல்தானை நெருக்கினார். ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸ், ஆர்த்தடாக்ஸ் மக்கள் அனைவருக்கும் தானே காவலன் என்று நின்றார். சுல்தான் அப்துல் மஜீத் 1852ல் ஒரு ஃபர்மான் போட்டு, இருப்பவை இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். ஆனால் அந்த வருடக் கடைசியில் பெரிய வாசலின் சாவி ஒன்று கத்தோலிக்கர் கைக்குப் போனது. நட்சத்திரமும் திரும்ப வந்தது.

அந்த நட்சத்திரம் திரும்ப வந்த விதம் கவனிக்க வேண்டியது. கத்தோலிக்கர்கள் பதித்தால் கிரேக்கர்கள் விடமாட்டார்கள், கிரேக்கர்கள் பதித்தால் கத்தோலிக்கர்கள் விடமாட்டார்கள். கடைசியில் சுல்தானே செய்வித்து, தன் அன்பளிப்பாக வைக்கச் சொன்னார். இருவருக்கும் சொந்தமில்லாத கை ஒன்று நீண்டால்தான் அங்கே ஒரு வேலை நடக்கும் என்பதற்கு இது முதல் பாடம். கூரை விஷயத்திலும் 160 வருடம் கழித்து இதுவேதான் நடந்தது.

1853ல் ஜாரின் தூதர் மென்ஷிகோவ் இஸ்தான்புல்லுக்கு வந்து கோரிக்கைகளை அடுக்கினார், பேச்சு முறிந்தது, கிரிமியப் போர் வெடித்தது. ஒரு வெள்ளி நட்சத்திரத்தால் போர் வந்தது என்று சுவைக்காக எழுதுகிறவர்கள் உண்டு. கருங்கடலில் யார் பெரியவர் என்ற கேள்விதான் போரின் வேர். பெத்லகேம் அதற்குக் கிடைத்த நல்ல சாக்கு. ஆனால் போருக்குப் பிறகு ஐரோப்பிய அரசுகள் ஒன்றைப் புரிந்துகொண்டன: இந்தக் கோவில்களில் எதையும் அசைக்காமல் இருப்பதே உத்தமம். 1878ல் பெர்லின் உடன்படிக்கையின் 62ஆவது பிரிவு, புனிதத் தலங்களில் 'ஸ்டேட்டஸ் கோ'வில், அதாவது இருக்கிற நிலையில், எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று எழுதிவைத்தது. ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோவிலும் இதே ஏற்பாட்டில்தான் வருகிறது.

சரி, அந்த ஸ்டேட்டஸ் கோவில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? வேடிக்கை அதில்தான். எந்தத் தூண் யாருக்கு, எந்த விளக்கை யார் துடைப்பது என்று 1852 ஃபர்மானில் பட்டியல் இல்லை. வழக்கம் எதுவோ அதுவே சட்டம் என்பதுதான் ஆணை. வழக்கத்தை ஒவ்வொரு சபையும் தன் குறிப்பேட்டில் தனக்குத் தெரிந்தபடி எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி வந்த பிறகு 1929ல் கஸ்ட் என்ற அதிகாரி அத்தனையையும் விசாரித்து ஒரு குறிப்பு தயாரித்தார். கூரையையோ தரையையோ பழுதுபார்க்கும் உரிமை என்பது தனி உடைமைக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது, ஒரு விளக்கையோ படத்தையோ மாட்டுவது அந்தத் தூண் அல்லது சுவர் மீதான உரிமையாகப் பார்க்கப்படுகிறது என்று அதில் நேராகவே சொல்கிறார். ஒத்துப்போக முடியாத இடங்களில் அவசர வேலையை அரசாங்கமே செய்வது என்பது அந்தக் காலத்து நடைமுறை.

இன்று கோவிலுக்குள் நுழைகிறவர்கள் பங்கீட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுழைவதே ஒரு அனுபவம். 'தாழ்மையின் வாசல்' என்ற அந்தத் திறப்பு ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம்தான், பெரியவர்கள் குனிந்தே ஆக வேண்டும். குதிரையோடும் வண்டியோடும் யாரும் உள்ளே வந்துவிடக்கூடாது என்று பழைய பெரிய வாசலை அடைத்துச் சிறிதாக்கியதாகச் சொல்கிறார்கள். மேலே பழைய வளைவின் தடம் தெரியும். பெரிய பீடம் கிரேக்கர்களுடையது. வடக்குப் பக்கம் அர்மேனியர்களுடையது. கத்தோலிக்கர்களுக்குப் பேராலயத்தின் உள்ளே பெரிய பீடம் எதுவும் இல்லை. ஒட்டியே 1880களில் கட்டிய புனித கத்தரீன் ஆலயம் அவர்களுடையது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெத்லகேம் நடுச்சாமப் பூசை அங்கேதான் நடக்கிறது. பழைய பேராலயத்தில் நடப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கெபிக்குள் பங்கீடு இன்னும் நுணுக்கம். நட்சத்திரத்துக்கு மேலே உள்ள பீடத்தில் கிரேக்கர்களும் அர்மேனியர்களும் வழிபாடு நடத்துவார்கள். நட்சத்திரமோ லத்தீன் எழுத்தில். இரண்டெட்டு தள்ளி, குழந்தையைக் கிடத்திய முன்னணை என்று காட்டப்படும் இடமும் அதற்கு எதிரே உள்ள பீடமும் கத்தோலிக்கர்கள் வசம். நட்சத்திரத்தைச் சுற்றித் தொங்கும் 15 விளக்குகளில் கிரேக்கருக்கு 6, அர்மேனியருக்கு 5, கத்தோலிக்கருக்கு 4. சிரிய, காப்டிக் சபைகளுக்குச் சில நாட்களில் மட்டும் வழிபாட்டு உரிமை. நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, எந்த நாள் மண்டகப்படி எந்தத் தெருவுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

ஒரு விஷயத்தில் நாள்காட்டி உதவுகிறது. கத்தோலிக்கருக்கு டிசம்பர் 25. பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் கிரேக்க, சிரிய, காப்டிக் சபைகளுக்கு ஜனவரி 7. அர்மேனியர்கள் பிறப்பையும் திருமுழுக்கையும் ஜனவரி 6ல் சேர்த்தே கொண்டாடுபவர்கள். புனித பூமியில் அவர்களும் பழைய நாள்காட்டியையே வைத்திருப்பதால் அது ஜனவரி 19ல் விழுகிறது. மூன்று கிறிஸ்துமஸ், மூன்று தனித்தனி நாள். ஒரே நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் முதல் கிறிஸ்துமஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கோவிலைப் பெருக்கிக் கழுவ வேண்டும். அங்கேதான் வம்பு. 2007 டிசம்பர் கடைசியிலும் 2011 டிசம்பர் 28 அன்றும் கிரேக்க, அர்மேனியத் துறவிகள் விளக்குமாறுகளால் அடித்துக்கொண்டார்கள். ஏணியை எங்கே சாத்துவது, எல்லை எங்கே முடிகிறது என்பதுதான் தகராறு. 2011ல் ஏறக்குறைய நூறு பேர் கலந்த அடிதடியைப் பிரித்துவிட வந்தது பாலஸ்தீனப் போலீஸ். எல்லோரும் சாமியார்கள் என்பதால் யாரையும் கைது செய்யவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்து உலகம் சிரித்தது. சிரிப்பதற்கு முன் ஒன்றை நினைக்கலாம்: அந்தத் துறவிக்கு அது தன் காலத்துச் சண்டை இல்லை. முன்னோர் விட்டுவைத்த ஒரு முழத் தரையைத் தன் காலத்தில் தொலைத்துவிட்டான் என்ற பெயர் வரக்கூடாது என்பதே அவருக்குக் கவலை.

இதே துறவிகள் 2002 ஏப்ரலில் ஒரே கூரையின் கீழ் 39 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். இஸ்ரேல் ராணுவம் பெத்லகேமுக்குள் நுழைந்தபோது ஆயுதம் தாங்கிய பாலஸ்தீனர்களும் பொதுமக்களுமாக இருநூறு பேர் அளவில் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்தார்கள். மே 10 வரை முற்றுகை. உள்ளே சிலர் குண்டுபட்டுச் செத்தார்கள். முடிவில் 13 பேர் ஐரோப்பாவுக்கும் 26 பேர் காசாவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

கூரைக்கு வருவோம். 2008ல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் ஆபத்தில் உள்ள 100 இடங்களின் பட்டியலில் இந்தக் கோவிலைச் சேர்த்தது. அதே காலத்தில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் ஒரு குழுவை அமைத்தார். மூன்று சபைகளும் உட்கார்ந்து பேசின. வேலையைச் செய்யப்போவது சபைகளில் ஒன்று என்றால் பேச்சு முதல் நாளே முறிந்திருக்கும். பாலஸ்தீன அரசு செய்யும், பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்தும் அரசு, கோவிலில் ஒரு செங்கல்லுக்கும் அது உரிமை கேட்காது என்றானபோது மூவரும் தலையசைத்தார்கள். சுல்தானின் நட்சத்திரத்தைப் போலவேதான் இதுவும். பாலஸ்தீன அரசுக்கும் இதில் கணக்கு இருந்தது. 2011ல் யுனெஸ்கோவில் உறுப்பினரான பாலஸ்தீனம், அடுத்த வருடமே பெத்லகேம் கோவிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக, அதுவும் ஆபத்தில் உள்ள சின்னமாக, பட்டியலில் ஏற்றியது. அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்த்தன. பாலஸ்தீனத்தின் பெயரில் ஏறிய முதல் சின்னம் அது. சொந்த எல்லையைப் பாதி கூட ஆளமுடியாத ஒரு அரசு, உலகத்தின் முன்னால் பொறுப்புள்ள காவலனாக நிற்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

2013ல் இத்தாலியின் பியாச்செந்தி நிறுவனம் வேலையைத் தொடங்கியது. பாலஸ்தீன அரசும் தொழிலதிபர்களும், வத்திக்கானும், ஐரோப்பிய நாடுகள் பலவும் பணம் கொடுத்தார்கள். முதலில் கூரை. 15ஆம் நூற்றாண்டு உத்தரங்களை மொத்தமாகக் கழற்றி எறியவில்லை. அழுகிய பகுதிகளை மட்டும் அறுத்தெடுத்து, இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பழைய மரத்தை அந்த இடத்தில் பொருத்தினார்கள். ஈயத்தகடு புதிது. பிறகு ஜன்னல்கள், சுவர்கள், தூண்களில் வரைந்திருந்த புனிதர்களின் ஓவியங்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த மெழுகுவர்த்திப் புகையைத் துடைத்தபோது மொசைக்கின் தங்கநிறம் வெளியே வந்தது. சிலுவைப்போர்க் காலத்தில் சுவர் முழுக்க இருந்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இப்போது மிச்சமில்லை. மீதியில் பெரும்பகுதி ஈரத்தில் உதிர்ந்து போனதுதான். 2019ல் யுனெஸ்கோ ஆபத்துப் பட்டியலிலிருந்து கோவிலை எடுத்துவிட்டது.

தமிழகத்திலிருந்தும் வருடாவருடம் யாத்திரைக் குழுக்கள் அங்கே போகின்றன. 2011ல் தொடங்கிய அரசு மானியத்தில் ஜெருசலேம் போகிறவர்களுக்குப் பெத்லகேமும் வழியில் உண்டு. பெரும்பாலானவர்கள் கெபிக்கு வரிசையில் நின்று, குனிந்து நட்சத்திரத்தைத் தொட்டு, படியேறி வெளியே வந்துவிடுவார்கள். வழிகாட்டி கையசைத்துக்கொண்டே இருப்பார், பின்னால் அடுத்த குழு நிற்கும். நேரம் கிடைத்தால் நடுக்கூடத்தில் நின்று வடக்குச் சுவரின் மேல்பகுதியை அண்ணாந்து பார்க்கலாம். ஜன்னல்களுக்கு நடுவே மொசைக்கில் தேவதூதர்கள், எல்லோரும் கெபியின் பக்கமாக நடந்துகொண்டிருப்பார்கள். வெகுகாலம் ஆறு பேர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 2016ல் பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெப்பப்படக் கருவியால் பார்த்த இத்தாலிய வேலைக்காரர்களுக்கு ஏழாவது தூதர் கிடைத்தார். பழைய பழுதுபார்ப்பு ஒன்றில் யாரோ அவர் மேல் சாந்து பூசி மூடியிருந்தார்கள்.